ஹெட்லைட்டுக்கு எதிரே நின்றவர்

எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். லைட்டைப் போடச் சொல்வார். போட்டதும் வண்டிக்கு எதிரே முப்பது அடி தள்ளிப் போய், கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொள்ளாமல், அப்படியே நின்று பார்ப்பார். கண்ணில் நீர் வழிந்தாலும் நகர மாட்டார். வண்டிக்காரர் உள்ளே உட்கார்ந்தபடி, "லைட்டு சூப்பரா கீதுக்கா, ஒயருதான் எங்கியோ லூசு" என்று கத்துவார். அவர் காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்வார்.

"உள்ள குந்திகினு பாத்தா எல்லா லைட்டும் சூப்பர்தான். எறங்கி வா. இங்க நின்னு பாரு."

இறங்கி வராதவர்களுக்கு அவர் வேலை செய்ததே இல்லை.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சாம்பியன் ரீப்ஸுக்குப் போகும் சாலையில் அவருடைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருந்தது. சின்னக் கடை. சுடிதாரின் மேல் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், காதுக்கு மேலே ஒரு சாக்பீஸ் துண்டு. கடைக்கு எதிரே தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்து நீளமான சுவர் ஒன்று பாழாய்க் கிடந்தது. அதில் வேன், ஆட்டோ, டெம்போ என்று ஒவ்வொன்றின் உயரத்துக்கும் தனித்தனியாகக் கோடு போட்டு வைத்திருந்தார். வெளிச்சம் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே ஏறினாலும் விட மாட்டார். பெயரைச் சொல்லி எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் சொல்லவில்லை. கடைப் பலகையில்கூட அவர் பெயர் கிடையாது. "ஹெட்லைட் செட்டிங்" என்று மட்டும் இருந்தது.

அவரை எனக்குத் தெரிய வந்ததே என்னுடைய திமிரால்தான். அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். மூன்றாம் கை வண்டி. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, சிவப்பு. இருபத்தாறு வருடங்களாக விடிவதற்கு முன்னால் ரயில் ஏறி பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருகிறவன் நான். வீட்டுக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு என்று எல்லாம் செய்தாகிவிட்டது. எனக்கென்று ஆசைப்பட்டு நான் வாங்கிய முதல் பொருள் அந்த வண்டி. வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"புத்தி கெடறதுக்கு வயசு கெடையாதுன்னு தெரியும். ஆனா இவ்ளோ செவப்பாவா கெடணும்?" என்றாள்.

அந்த வண்டிக்குள் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். அவ்வளவு தாழ்வு. எங்கள் ஊர் வேகத்தடைகளில் அதன் வயிறு உரசும் சத்தம் கேட்டால் நான் சீட்டிலிருந்து எம்பிக்கொள்வேன். அதெல்லாம் பரவாயில்லை. பெரிய குறை ஹெட்லைட். பதினைந்து வருட வெயிலில் கண்ணாடி மஞ்சளித்துப் பழுத்துப் போயிருந்தது. லைட்டைப் போட்டால் எரிகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு வண்டியின் பதிவு காலாவதியாக இரண்டு மாதம்தான் பாக்கி. ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் பார்த்து பாஸ் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். இல்லையென்றால் என் சிவப்பு வண்டி காயலான் கடைக்குத்தான் போகும்.

நான் என்ன செய்தேன்? பெங்களூரில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தருகிற எல்.இ.டி. பல்பு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் போட்டுவிட்டார். பாலை ஊற்றினமாதிரி வெள்ளை வெளேரென்று ரோடு தெரிந்தது. அன்று மாலையே அந்த வெளிச்சத்தோடு ராபர்ட்சன்பேட்டை பஜாரைக் கடந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஆறரை மணி இருக்கும். மார்கழிப் பனி.

எதிரே ஒரு பெரியவர் நடந்து வந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் லைன் வீடுகளில் ஒன்றில் இருப்பவர். என் வெளிச்சம் அவர்மேல் விழுந்ததும் அவர் சட்டென்று நின்றார். பிறகு ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, ஓரமாக எதையோ ஒட்டி நிற்கப்போகிறவர்போல ஓர் அடி எடுத்து வைத்தார். அங்கே சாக்கடை இருந்தது. ஆள் காணாமல் போனார்.

நான் பிரேக் போட்டு உறைந்து உட்கார்ந்துவிட்டேன். எதிர்க் கடையிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடி வந்து, சாக்கடைக்குள் இறங்கி, பெரியவரின் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி மேலே உட்காரவைத்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகி எடுத்து, என் சட்டைப் பையிலேயே போட்டார்.

பெரியவருக்குக் கணுக்கால் பிசகியதோடு போயிற்று. நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"ஒண்ணியும் இல்லப்பா. லோகோ வருதுன்னு நெனச்சிட்டேன். செவுத்தோட ஒண்டலாம்னு திரும்பினேன். செவுரு இல்ல."

சுரங்கத்துக்குள்ளே, லெவல் என்கிற கிடைமட்டப் பாதையில், தண்டவாளத்துக்கும் பாறைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம் இருக்கும். தூரத்தில் லோகோ என்ஜினின் வெளிச்சம் தெரிந்தால் யோசிக்கக் கூடாது. திரும்பிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் அப்படி ஒட்டி உயிர் பிழைத்த உடம்பு அது. சுரங்கத்தை மூடியதெல்லாம் அந்த உடம்புக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அவர் திட்டவில்லை. பெரியவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "வாங்கண்ணா" என்று என்னைக் கூட்டிப்போய், அவர் விழுந்த இடத்திலேயே நிற்கவைத்தார். சாவியை வாங்கிக்கொண்டுபோய் லைட்டைப் போட்டார்.

ரோடு இல்லை, சுவர் இல்லை, என் கார் இல்லை, நானே இல்லை. எல்லாம் வெள்ளை. சாக்கடை எந்தப் பக்கம் என்று எனக்கே மறந்துவிட்டது.

அணைத்துவிட்டு வந்து கேட்டார். "உங்கப்பா அண்டர்கிரவுண்டா?"

"ஆமாம்மா. சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்ட்."

"அவுரு யார் மூஞ்சிலயாவது லைட் அடிச்சி பேசிகீறாரா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. தொப்பியில் விளக்கு மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்போது முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். நேராகப் பார்த்தால் தன் விளக்கு எதிராளியின் கண்ணைக் குருடாக்கும். என் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் தரைக்கு மேலே வந்த பிறகும் விட்டுப் போகவில்லை. யாரோடு பேசினாலும் அவர்களுடைய தோளைப் பார்த்துத்தான் பேசுவார். குடியாத்தத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது இதனால் காரியமே கெட இருந்தது. "சம்பந்தி நம்ம யார் மூஞ்சியும் பாக்கல. பொண்ணு புடிக்கலன்னா சொல்லிட வேண்டியதுதானே" என்று என் மாமனார் எழுந்து போய்விட்டார். விவரம் சொல்லி அவரை உட்காரவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்படிப்பட்டவருடைய மகன் நான், ஊரின் முகத்தில் எல்லாம் வெளிச்சம் அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இந்த ஒரு குணம்தான் அந்தக் காக்கிச் சட்டைக்காரரிடம் எங்கும் எதிலும் இருந்தது. எதிரே இருப்பவன் கண் கூசக் கூடாது. ஒரு புத்த பூர்ணிமாவுக்கு அவர் குடியிருந்த தொழிலாளர் கேம்பில் கூட்டம் போட்டார்கள். லைட் போடும் பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். இவர் போய்ப் பார்வையாளர் வரிசையில் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்து, யார் கண்ணிலும் படாதபடி எல்லா விளக்குகளையும் திருப்பிவிட்டார். புத்தர் சிலை பளிச்சென்று தெரிந்தது. ஜனங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பேச வந்த பிரமுகர் மட்டும் இருட்டில் நின்றார். போட்டோவில் தன் முகமே விழவில்லை என்று அவர் குதித்ததற்கு இவர் நிதானமாகச் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது. "நீங்க பேசத்தானேண்ணா வந்தீங்க? நல்லா கேக்குது."

வியாபாரத்துக்கு இது உதவுகிற குணமா? விடியற்காலையில் பங்காருபேட்டைக்கும் பெங்களூருக்கும் ஆள் ஏற்றிப்போகிற வேன்காரர்கள் எல்லோரும் அப்போது வெள்ளை விளக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். அதில் ஒரு வேன்காரர் பல்பையே வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாட்டி மட்டும் குடுக்கா. மத்தவன்லாம் போட்டுகீறான். என் லைட்டு அவன் எதுருல செத்துப்போவுது."

"அவன் உன் கண்ண அவிச்சா நீ இன்னொருத்தன் கண்ண அவிப்பியா? எட்து போ."

அவர் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கடையில் மாட்டிக்கொண்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். பாதி நாள் இவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அதற்காக முகத்தைத் தொங்கப்போட்டு நான் பார்த்ததில்லை. வேலை இல்லாத நேரத்தில் சுவரில் அழிந்த கோடுகளை மறுபடி போட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது அவர் ஓசூரில் இருக்கிறார். ஒரு தனியார் பஸ் கம்பெனியின் வண்டிகள் அத்தனைக்கும் எலக்ட்ரிக்கல் பொறுப்பு அவருடையது. அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பஸ் கேட்டைத் தாண்டாதாம். கேட்டபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அந்த எதிர்ச்சுவர் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார் என்று மட்டும் யோசித்தேன்.

என் கதைக்கு வருகிறேன். சாக்கடை விவகாரத்துக்குப் பிறகாவது நான் அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். அவர் சொன்னது எளிய யோசனை. "இந்த எல்.இ.டி.ய கழட்டி போடுங்க. வண்டியோட வந்த லைட்டே நல்ல லைட்டு. கண்ணாடிய தேச்சி, புது ஒயர் இழுத்து, பழைய மாதிரி பல்பு போட்டா போதும்."

போயும் போயும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மஞ்சள் பல்பா? என் மனசு கேட்கவில்லை. எல்.இ.டி.யைக் கழற்றினேன், அது உண்மை. ஆனால் அவரிடம் சொல்லாமல் ஆன்லைனில் தேடி, வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி முழு ஹெட்லைட் வரவழைத்தேன். உள்ளே கண்ணாடிக் குண்டு, அதைச் சுற்றி வெள்ளை வளையம். பார்க்க அவ்வளவு அழகு. பெங்களூரில் மாட்டிக்கொண்டு நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், எதிரே ஒரு நிமிடம் நின்றார், முகத்தைச் சுளித்தார். வலது பக்கம் கண் கூசுகிறது என்று எழுதி ஃபெயில் போட்டுவிட்டார். பதிவு முடிய அப்போது மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இன்னொரு முறை காட்டலாம். அதிலும் தேறாவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது.

வேறு வழி இல்லாமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். வண்டியைப் பார்த்தார். "ரிங்கு அழகாத்தான் கீது" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னார். என்னையும் இறக்கிச் சுவரைப் பார்க்க வைத்தார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடது பக்கம் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. வலது பக்கம் போகப் போக மேடு மாதிரி ஏறியது.

"ஒசந்து போவுது பாருங்க, இத்தான் விஷயம். இது ரோட்ல வலது பக்கமா வண்டி ஓட்டற நாட்டுக்கு செஞ்ச லைட்டு. அங்க ஓரமா நடக்கறவங்க வலது கைப்பக்கம் இருப்பாங்க. அவங்க தெரியட்டும்னு அந்தப் பக்கம் ஒசத்தி வெச்சிகீறான். நம்ம ஊர்ல அந்தப் பக்கம் யாரு வருவாங்க?"

"எதிர் வண்டி" என்றேன்.

"அவன் கண்ணுல நேரா போய் குத்தும். லைட்டு மேல தப்பு இல்ல. ஊரு மாறி வந்துட்ச்சி."

"திருப்பி வைக்க முடியாதா?"

"முடியாதுண்ணா. பழைய லைட்டு எங்க?"

தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் என் மனைவி ஒரு கோணிப்பையோடு அந்தக் கடைக்கு வந்து இறங்கினாள். பரணில் எடுத்துவைத்திருந்திருக்கிறாள். "இவுரு எதத் தூக்கிப் போட்டாலும் மூணு மாசம் கழிச்சி தேடுவாரும்மா. எனக்குத் தெரியாதா" என்று அவரிடம் சொல்லி, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அன்று முதல் அவர்கள் இருவரும் ஒரு கட்சி. நான் தனிக்கட்சி.

அடுத்த பத்து நாட்களில், சாயங்காலங்களில் போய் அவர் செய்த வேலையைப் பார்த்ததுதான் அந்த வண்டி வாங்கியதிலேயே எனக்குக் கிடைத்த பெரிய லாபம். முதலில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அந்தப் பழுத்த கண்ணாடியைத் தேய்த்தார். சொரசொரத் தாள், பிறகு மெல்லிய தாள், பிறகு அதைவிட மெல்லியது. நடுவில் கண்ணாடி பால்போல மங்கி, முன்பைவிட மோசமாகிவிட்டது. "கெடுத்துட்டீங்களேம்மா!" என்று கத்திவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. என் மனைவிதான், "போய் டீ வாங்கிக்கினு வாங்க" என்று என்னைத் துரத்தினாள். டீயோடு திரும்பி வந்தபோது பாலிஷ் போட்டு முடித்திருந்தார். பதினைந்து வருடத்துக் கண்புரை நீங்கி, கண்ணாடிக்குள் என் முகம் தெரிந்தது.

பிறகு பல்பு. வாட்ஸ் அதிகமாகப் போடச் சொல்லி நான் நச்சரித்தேன். அவர் மீட்டரை எடுத்து முதலில் பேட்டரியில் வைத்துக் காட்டினார், பிறகு பல்பு மாட்டுகிற இடத்தில் வைத்துக் காட்டினார். பேட்டரியில் இருந்த கரண்டு முழுசாக பல்புக்கு வந்து சேரவில்லை. "பழைய ஒயரு வழியிலயே தின்னுட்து. பெரிய பல்பு போட்டா ஹோல்டர்தான் உருகும். வர வேண்டியது மொதல்ல ஒழுங்கா வரட்டும்" என்று சொல்லி, பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ரிலே ஸ்விட்ச் வைத்தார். அதே பல்பு, அதே வாட்ஸ். வெளிச்சம் அப்படியே இரட்டித்ததுபோல இருந்தது. மஞ்சள் விளக்கு என்று நான் இகழ்ந்த விளக்கு அது.

கடைசி வேலை செட்டிங். வண்டி தாழ்வு, ஸ்பிரிங் பழசு. ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கும், முன்னால் லைட் மேலே ஏறும். அதனால் என்னை உட்காரவைத்துத்தான் செட் செய்ய வேண்டும் என்றார். நானோ பகலெல்லாம் பெங்களூரில் வேலையில் இருப்பவன். ஒரு நாள் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கிக் கடைக்குப் போனால், என் டிரைவர் சீட்டில் ஒன்றரை மூட்டை வெங்காயம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"இன்னாம்மா இது?"

"நீங்கதான். உங்க வெயிட்டு எவ்ளோன்னு அண்ணிகிட்ட கேட்டேன்."

என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெள்ளை பல்பு வேன்காரரும் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த லைட்டோட ஆர்.டி.ஓ. போனா சிரிப்பாங்க அக்கா. காலம் மாறிப்போச்சி" என்றார்.

அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அண்ணா வண்டி பாஸ் ஆவலன்னா, போர்டுல கீற ஹெட்லைட்டுன்ற வார்த்தய நானே பெயிண்டு வெச்சி அழிச்சிடறேன். போதுமா?"

வேன்காரர் இதை ஸ்டாண்டில் போய்ச் சொல்லாமல் இருப்பாரா? இன்ஸ்பெக்‌ஷன் அன்று எட்டு வேன்கள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் நின்றன. அதில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வேலையாக வந்தவை இரண்டுதான். மற்றவர்கள் சும்மா வந்தவர்கள். மாலை நாலரை மணி. வானம் கருத்துக்கொண்டு வந்து தூறல் போட ஆரம்பித்திருந்தது. மைதானமே மங்கிக் கிடந்தது. என் மனைவி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்காக அல்ல என்று தெரியும். அவள் கண் முழுவதும் அந்தக் காக்கிச் சட்டைமேல்தான் இருந்தது.

முன்பு ஃபெயில் போட்ட அதே இன்ஸ்பெக்டர்தான் வந்தார். பிரேக், ஹாரன், சேஸிஸ் நம்பர் எல்லாம் பார்த்தார். பிறகு என்னை எழுப்பிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லைட்டைப் போட்டார். அவருக்குத் திருப்தியாகத் தெரியவில்லை. "டல் இதெயல்லா" என்றார் கன்னடத்தில். மங்கலாக இருக்கிறதே, இந்தக் காலத்தில் இதைப் போய் வைத்திருக்கிறீர்களே என்று என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

வேன்காரர்கள் பக்கத்தில் யாரோ கனைத்தார்கள்.

லைட்டை செட் செய்தவர் முன்னால் வந்தார். "சார், ஒந்து சல எதுரிகெ பந்து நோடி" என்றார். ஒரே ஒரு தடவை எதிரே வந்து பாருங்கள்.

இன்ஸ்பெக்டருக்கு இப்படி யாரும் சொல்லிப் பழக்கம் இருந்திருக்காது. அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என்னை மறுபடி வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிவரை நடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று திரும்பினார். வண்டியைப் பார்த்து நடந்து வர ஆரம்பித்தார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெளிச்சம் அவருடைய செருப்பில் பட்டது, முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்குக் கீழே நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவே இல்லை. அவர் கண்ணை மறைக்கக் கையைத் தூக்கவில்லை. நடையைக் குறைக்கவில்லை. பாதி வழியில் ஒரு முறை நின்றார். என் உயிர் போய் வந்தது. வண்டியின் இடது பக்கம் ஓரமாக வெளிச்சம் நீண்டு, கேட் அருகே காலியாகக் கிடந்த பெஞ்சுவரை தெளிவாக விழுந்திருந்ததைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி நடந்தார். பானெட்டில் முட்டுகிற அளவு நெருங்கி வந்து நின்று, நம்பர் பிளேட்டை உரக்கப் படித்தார். பிறகு நிமிர்ந்து, எரிகிற இரண்டு ஹெட்லைட்டுகளுக்கு மேலாக நேரே என் முகத்தைப் பார்த்தார்.

"முகா காணுத்தே, சார்" என்றார். உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. அப்புறம் சிரித்துவிட்டார். "யாக்கே இஷ்டு பயா?"

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டார். எரிகிற ஹெட்லைட்டுக்கு எதிரே நின்று, உள்ளே இருப்பவன் பயந்துபோயிருக்கிறான் என்பதை ஒரு மனிதர் பார்த்துவிட்டார். சந்தோஷத்தில் ஹாரனை அழுத்திவிட்டேன். அவர் குதித்துப் பின்வாங்கி, அதே சிரிப்போடு பேப்பரில் பாஸ் என்று எழுதினார்.

மைதானமே கத்தியது. என் மனைவி ஓடிப்போய்த் தன் கட்சிக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அன்று எந்த விளக்கும் அவர் கண்ணில் அடிக்கவில்லை.

"யாரு செட் மாடித்து?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். யார் செட் செய்தது என்று. எட்டு வேன்காரர்களும் ஒரே குரலில், "எங்கக்கா!" என்றார்கள். அதுவரை அவரை அப்படி அவர்கள் சொந்தம் கொண்டாடி நான் கேட்டதில்லை. வெள்ளை பல்பு வேன்காரர் தன் வண்டிக்கு ஓடிப்போய் லைட்டைப் போட்டார்.

"அக்கா, நம்ம வண்டிய பாரு!"

மற்ற ஏழு பேரும் போட்டார்கள். மைதானம் பகல்போல ஆயிற்று. எட்டு ஜோடி வெள்ளை வெளிச்சத்துக்கும் எதிரே அவர் காதுக்கு மேலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் நின்றார். தூறல் வலுத்தது. முதல் வண்டிக்கு முன்னால் நின்று கையைக் கீழே காட்டி, "எறக்கு, எறக்கு, இன்னும் எறக்கு" என்றார். அது முடிந்ததும் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். இன்ஸ்பெக்டர் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கும் கூடவே நடந்தார்.